கொட்டகையில் ஜப்பான் எஞ்சின்

டோக்கோமாரு விரிகுடா
மார்ச் 9

அன்பு மகன் ராவிரிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்தை நீ வேலை செய்யும் சுரங்கத்து ஆபீசுக்குப் போன் போட்டு விசாரித்துத் தெரிந்துகொண்டோம், அதுதான் நம் லட்சணம். பதினோரு மாதமாக நீ போனை எடுப்பதில்லை. பூமிக்கடியில் மணி கேட்காது என்று உன் அம்மா ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கடிதத்தையாவது பிரிப்பாய் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

ஈஸ்டர் சனிக்கிழமை உன் அண்ணன் தீப்பெனேவின் கல்லறைக் கல் திறப்பு. கல்லை நட்டுத் துணி போர்த்தி வைத்திருக்கிறோம். துணியை விலக்க வேண்டியவன் நீ. நீ வராவிட்டால் சித்தப்பா மகனை வைத்து விலக்கலாம் என்கிறார்கள்.

கல்லறைக்கு அவனுடைய கொரோலாவில்தான் போவேன் என்று உன் அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள். அது செத்த எஞ்சினோடு ஒரு வருடமாகக் கொட்டகையில் கிடக்கிறது. கிஸ்பர்னில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் அதே எஞ்சின் இருந்தது. ஆனால் விபத்தில் ஆள் போன வண்டியாம் அது. யாரென்று விசாரித்தால் நமக்கு ஏதாவது ஒரு வழியில் சொந்தமாகத்தான் இருப்பான். எதற்கு வம்பு என்று ஆக்லாந்து வரை போய், ஜப்பானிலிருந்து வந்த ஒன்றை வாங்கினேன். விஷயத்தைக் கேட்டதும் அம்மா சொன்னாள்: “யோவ், ஜப்பான்ல மட்டும் யாரும் சாகறதே இல்லையா?” சத்தியமாக அது எனக்குத் தோன்றவே இல்லையடா.

ஆக்லாந்துக் கடையில் வண்டிகளை நடுவில் அறுத்து முன்பாதியை மட்டும், சந்தையில் மீன் தலையை அடுக்குவதுபோல அடுக்கியிருக்கிறார்கள். விற்கிறவன் டெரெக் என்று ஒரு வாயாடி. “எழுபதாயிரம் கிலோமீட்டர்தான் மாமா ஓடியிருக்கு” என்றான். “எல்லாரும் எழுபதாயிரமே சொல்றீங்களே, ஜப்பான்ல அதுக்கு மேல நம்பரே கிடையாதாடா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டான். நான் மூடியைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தேன், கையால் சுற்றிப் பார்த்தேன். சுத்தமான எஞ்சின். பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஆயில் மாற்றிய தேதிகளை யாரோ பென்சிலால் வரிசையாக எழுதியிருந்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஒன்றுகூடத் தப்பவில்லை. அதற்கு மேல் நான் பேரம் பேசவில்லை.

பாதிரியார் நிக்கோரா வந்து ஜெபிக்காமல் எஞ்சினைக் கேட்டுக்குள் விடமாட்டேன் என்றாள் அம்மா. அது டிரெய்லரில் இருக்கும்போதே அவர் தண்ணீர் தெளித்து, அதன் பழைய சொந்தக்காரனான, பேர் தெரியாத அந்த ஜப்பான்காரனின் ஆவியை வழியனுப்பி வைத்தார். “நம்ம பாஷை அவருக்குப் புரியுமோ என்னமோ, தண்ணி புரியும்” என்றார்.

பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பினார். உனக்கு ஒன்று சொல்லவேண்டும். அண்ணனை அடக்கம் செய்த அன்று, அவன் ஆவியை வழியனுப்ப வீட்டில் அறை அறையாக நடந்து ஜெபித்தோமே, கொட்டகையை மட்டும் விட்டுவிட்டோம். ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அவன் எந்நேரமும் கிடந்ததே அங்கேதான். இப்போது தினமும் மாலை ஐந்தரைக்கு நாய் எழுந்து வாசலுக்குப் போகிறது. ஜல்லியில் டயர் ஏறுகிற சத்தம் எனக்கும் கேட்கிறது. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. அம்மா மூன்றாவதாக ஒரு தட்டு வைக்கிறாள், நான் எடுத்து உள்ளே வைக்கிறேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனாலும் பாதிரியாரைத் தடுத்துவிட்டேன். “கொட்டகை இப்ப வேணாம்” என்றேன். அம்மா முறைத்தாள்.

காரணம் இதுதான். அதற்கு முந்தின வாரம் பழைய எஞ்சினைக் கழற்றினேன். அடியில், பழைய ஆயிலை வடிக்கத் திறக்கிற நட்டைக் காணோம். ரோட்டுக் கல் அடித்துப் போயிருந்தால் துளையின் மரை நசுங்கியிருக்கும். மரை புத்தம் புதிதாக இருந்தது. கையால் மட்டும் போட்ட நட்டு, ஓட ஓடத் தானாகக் கழன்று, ஆயில் முழுக்க வடிந்திருக்கிறது. அண்ணன் பிறந்தநாளுக்கென்று அவனுக்குத் தெரியாமல் நீ ஆயில் மாற்றினாய். மறுநாளே மலை ஏறும்போது எஞ்சின் இறுகி நின்றது. “பழசு, உயிரை விட்டுடுச்சு” என்றாய், நானும் ஆமாம் போட்டேன். வண்டி இல்லாததால்தான் அந்தச் சனிக்கிழமை அவன் சிநேகிதன் வண்டியில் ஏறினான். அது பாலத்திலிருந்து விழுந்தது.

இதை நீ தனியாகச் சுமந்துகொண்டு எங்கே ஓடுகிறாய்? நீ வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது, “ஆடெல்லாம் ரோட்டுல நிக்குது, ஓடி வாடா” என்று கத்தியது யார்? நான். ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடிவந்தாய். வேலி கட்ட வைத்து இருட்டும்வரை உன்னை விடவில்லை. திரும்பிப் போய், நட்டை முறுக்கியாயிற்று என்ற நினைப்பில் ஆயிலை ஊற்றியிருப்பாய். ஸ்பேனர் கொட்டகைத் தரையில் நீ போட்ட இடத்திலேயே இன்னும் கிடந்தது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். பிறகு, “அதான் புள்ள போனை எடுக்கலையா?” என்றாள். நேற்று நான்கு தட்டு வைத்தாள். நான் ஒன்றையும் எடுக்கவில்லை.

புது எஞ்சினை வண்டிக்குள் இறக்கிவிட்டேன், ஒயரும் பைப்பும் மாட்டியாயிற்று. ஆயில் மட்டும் ஊற்றவில்லை. நட்டைக் கையால்தான் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்பேனர் அடியில் இருக்கிறது. நீ வந்து முறுக்கு. அண்ணனிடம் சொல்லவேண்டியதை அங்கேயே படுத்தபடி சொல்லிவிடு, நாங்கள் எட்டிப் பார்க்கமாட்டோம். அதன் பிறகு பாதிரியாரைக் கூப்பிடலாம். அவனை முதலில் அனுப்பிவிட்டால் நீ யாரிடம் சொல்லுவாய்?

ஆண்டவன் உன்னைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும். ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன். வேறு யார் வண்டியிலும் ஏறிவிடாதே மகனே.

உன் அப்பா,
எருவேரா