கைப்பிடி கீழேதான் இருந்தது

மார்ச் 4

தங்கச்சிக்கு,

அன்றைக்குப் புதுச் சட்டத்துக்கு ஊர்க் கருத்துக் கேட்டபோது நகர மன்றக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்கிறேன், ஒரு தலை விடாமல். மேடை நடுவில் சட்டசபை உறுப்பினர் அம்மா. அவருக்கு இரண்டு பக்கமும், கொட்டாவியை அடக்கிக்கொண்டு வேறு இரண்டு உறுப்பினர்கள். ஓரத்தில் மின்சாரக் கம்பெனியின் கோட்டுக்காரர். கீழே முதல் வரிசையில் நான், என் பேத்தி, கீழ்வீட்டுத் தையல்காரர். பின்னால் ஜன்னலோரம் நீ. உன் பக்கத்தில், முழங்கை வரைக்கும் கட்டோடு, அந்தக் கம்பெனியிலேயே லைன்மேனாக இருக்கிற உன் மகன் நெட்டை. உன் அத்தான் மட்டும் வரவில்லை. ஆக்சிஜன் மிஷினோடு படுத்திருக்கிறவர் எப்படி வருவார்?

நல்ல சட்டம் அது. மாடியில் சோலார் பேனல் வைத்த வீட்டுக்காரர் தன் கரண்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளலாம், மிச்சத்தை அக்கம்பக்கத்தோடு பங்கு போடலாம், கம்பெனி குறுக்கே நிற்கக் கூடாது. அதற்குத்தான் நான் எழுந்து நின்றேன். "தெருவுல கரண்ட் போனா எங்க வீட்டுக்காரர் மூச்சும் போயிடும்மா. எங்க மாடி பேனல்தான் அவரைத் தாங்குது" என்று சொல்லி உட்காரவில்லை, நீ எழுந்துவிட்டாய்.

"லைன் ஆஃப்ல இருக்கும்போது ஒரு மாடி பேனல்ல இருந்து கரண்ட் லைனுக்குத் திரும்பி வந்துதான் என் பையனைச் சுட்டுது. எந்த மாடின்னு கேளுங்க!"

அதோடு விட்டாயா? விரலை என் பக்கம் நீட்டினாய். கோட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி. சட்டத்தை அடுத்த அமர்வுக்குத் தள்ளிவிட்டார்கள்.

என் புதுக் குடையை உடைத்துவிட்டுக் காற்றின் மேல் பழி போட்டவள் நீ. அதையே நான் இன்னும் மறக்கவில்லை. இதை மறப்பேன் என்று நினைக்காதே.

நெட்டை உன்னிடம் என்னதான் சொன்னான்? அதை மட்டும் எழுது.

அக்கா

---

மார்ச் 11

அக்காவுக்கு,

குடைக் கதை போதும். என் பிள்ளைக்கு இரண்டு விரல் மடங்கவில்லை. சோறு ஊட்டிவிடுகிறேன், இருபத்தாறு வயதுப் பையனுக்கு.

அவன் என்ன சொன்னான் என்று கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். கம்பெனியிலிருந்து வந்து சொன்னார்கள்: தெருவில் எல்லா வீடும் இருட்டாக இருந்ததாம், உங்கள் வீட்டில் மட்டும் ஃபேன் சுற்றியதாம். அது பொய்யா? உன் வீட்டு எதிர்க் கம்பத்தில்தானே என் பிள்ளை தொங்கினான்?

அத்தான் மூச்சுக்காக உனக்கு வலிக்கிறது. என் பிள்ளை கைக்காக எனக்கு வலிக்கக் கூடாதா?

தங்கச்சி

---

மார்ச் 15

தங்கச்சிக்கு,

உன் கூட்டெழுத்து எனக்குப் புரியாது என்று உனக்குத் தெரியும். வழக்கம்போல உன் அத்தான்தான் படித்துக் காட்டினார். ஒவ்வொரு வரிக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு.

ஃபேன் சுற்றியது. ஏன் சுற்றாது? மிஷின் ஓடினால் ஃபேனும் ஓடும். ஆனால் கேள். எங்கள் படிக்கட்டுத் தலைமாட்டில் ஒரு பெரிய கைப்பிடி இருக்கிறது. மேலே தூக்கினால் வீடு தெரு லைனோடு சேரும். கீழே இறக்கினால் லைனோடு உறவு அறுந்துவிடும், பேனல் கரண்ட் வீட்டைத் தாண்டி ஒரு அடி போகாது. கரண்ட் போனதும் நான் செய்கிற முதல் வேலை அதை இறக்குவது. அடுப்பில் பால் பொங்கினாலும் அதற்கு அப்புறம்தான்.

அன்றைக்கும் இறக்கினேன். நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய், சரி. உன் மகனே பார்த்தான். பேனல் உள்ள வீட்டுக்குள் ஏறிப் பார்க்காமல் கம்பத்தில் ஏறக் கூடாது என்பது அவர்கள் வேலையில் முறை. அவன் மேலே வந்தான். "பெரியம்மா, இறக்கியாச்சா?" என்றான். "நீயே பாருடா" என்றேன். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தான். பெரியப்பா காலைத் தொட்டு, "இன்னிக்கு மூச்சு எப்படி, பெரியப்பா?" என்று கேட்டான். "உன் பேச்சு மாதிரி, நின்னு நின்னு வருது" என்றார் இவர். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் அலறல்.

கைப்பிடி கீழேதான் இருந்தது. அப்படியென்றால் கரண்ட் எங்கிருந்து வந்தது? சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவனை என் பக்கம் திருப்பிக் கேள்.

அக்கா

---

மார்ச் 22

அக்கா,

கேட்டேன். அழுதான்.

உங்கள் பேனல் இல்லை. அவன் கம்பத்தில் இருக்கும்போதே ஆபீஸிலிருந்து லைனில் கரண்ட்டைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசர் கீழே நின்று போனில் "யாருடா விட்டது, மூடு மூடு" என்று கத்தியது அவன் காதில் விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கோட்டுக்காரர் வந்திருக்கிறார். "மாடி பேனல்னு சொன்னா கை சரியாகுற வரைக்கும் வைத்தியம் எங்க பொறுப்பு, வேலையும் இருக்கும். வேற எதாவது சொன்னா நீ கம்பத்துல ஏறினதே விதிக்கு மாறு" என்று சொல்லியிருக்கிறார். பழியைத் தூக்கிச் சட்டத்தின் மேல் போட அவர்களுக்கு ஒரு கை வேண்டியிருந்தது. என் பிள்ளை கை கிடைத்தது.

அக்கா, கூடத்தில் விரல் நீட்டினேனே, அந்த விரலை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். அடுத்த அமர்வில் நீ எழுந்து இதைச் சொல்லாதே. இன்னும் ஒரு ஆபரேஷன் பாக்கி இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் விரல் அப்படியே நின்றுவிடும். சட்டம் இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வரும். கை வருமா?

உன் காலில் விழுகிறேன்.

தங்கச்சி

---

மார்ச் 26

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு இவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

நெட்டையை என் இடுப்பில் வைத்துச் சுற்றியவள் நான். அவன் கை எனக்கு யாரோ வீட்டுக் கையா? ஆனால் சட்டம் விழுந்தால் கம்பெனி அடுத்த வாரமே மாடி மாடியாக ஏறி பேனல் வயரைக் கழற்றும். கோட்டுக்காரர் சொல்லியேவிட்டார். அடுத்த வருஷம் வரும் சட்டத்தை உன் அத்தான் எந்த மூச்சில் பார்ப்பார்?

நான் சொல்லத்தான் போகிறேன். நீ என்னோடு பேசாவிட்டாலும் சரி.

அக்கா

---

செப்டம்பர் 9

தங்கச்சிக்கு,

நீ எழுதிய நாலு கடிதமும் வந்தன. படித்துக் காட்டியவர் இல்லாமல் பிரிக்க மனம் வரவில்லை. நேற்றுத்தான் பேத்தி படித்தாள். எல்லாவற்றிலும் மன்னிப்பு கேட்டிருக்கிறாய். இழவு வீட்டுக்கு வந்தவள் வாசலோடு நின்றுவிட்டுப் போனாயே, உள்ளே வந்திருக்கலாம். நான் கடித்துவிடவா போகிறேன்?

அந்த இரண்டாவது அமர்வை நீயும் பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் எனக்கு ஆறாது.

என் பேர் கூப்பிடக் காத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் கதவு திறந்தது. தையல்காரர் தள்ளிக்கொண்டு வர, சக்கர நாற்காலியில் இவர். மடியில் சிலிண்டர். பக்கத்தில் பேத்தி. காலையில் "போயிட்டு வா, நல்லாப் பேசு" என்று எனக்குக் கையசைத்த மனுஷன்! என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மேடையைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னைக்கு இவ இறக்கின கைப்பிடியை நான்தான் தூக்கிட்டேன். கரண்ட் வந்துடுச்சுன்னு நெனச்சு... கை தவறிப்போச்சு. இவ மேல தப்பில்ல. அந்தப் பையன் மேலயும் தப்பில்ல."

கக்கூஸுக்கே நான் தூக்கிவிட வேண்டிய ஆள், படிக்கட்டு வரைக்கும் நடந்து போய்க் கைப்பிடியைத் தூக்கினாராம். உனக்குத் தெரியும், பொய் என்று. நெட்டைக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டான். கூடத்தில் நான் "பொய்!" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? பெண்டாட்டி புருஷனைக் காப்பாற்றக் கத்துகிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

உறுப்பினர் அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். "வயசானவர் கை தவறுனா லைன்மேன் உயிர் போகும்னா, கையை நம்பிச் சட்டம் போடக் கூடாது. லைன் நின்னா தானா அறுந்துக்கிற பெட்டியைக் கம்பெனியே ஒவ்வொரு வீட்டுலயும் வைக்கணும். அப்புறம் தடுக்கக் காரணம் கிடையாது" என்றார். கோட்டுக்காரர் சரியென்று தலையாட்டினார். ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் வாங்கிக்கொண்டார்: அன்றிலிருந்தே, பெட்டி வரும் வரைக்கும் கைப்பிடி வீடுகளின் பேனல் எல்லாம் மூடி இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எதுக்குங்க அந்தப் பொய்?"

"யாருக்கும் நஷ்டமில்லாத பொய்டி. பையனுக்குக் கை, ஊருக்குச் சட்டம், உனக்குத் தங்கச்சி."

"உங்களுக்கு?"

"என்னை எதுக்குக் கணக்குல சேர்க்கிற?"

மே மாதம் ஒரு மத்தியானம் தெருவில் கரண்ட் போனது. மாடியில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. பேனல் வயரைக் கழற்றி முத்திரை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சிலிண்டர் தீர்ந்தது. ஆம்புலன்ஸ் வந்து சேரும்போது இவர் என் கையைப் பிடித்திருந்தார். அப்புறம் நான்தான் பிடித்திருந்தேன்.

சட்டம் போன மாதம் நிறைவேறியது. பெட்டி மாட்ட வந்தது யார் தெரியுமா? நெட்டை. விரல் நன்றாக மடங்குகிறது. திருகாணியைச் சுருக்காக முடுக்கினான். வேலை முடிந்ததும் கட்டில் இருந்த இடத்தில் உட்கார்ந்து, "பெரியம்மா, நான் நிஜத்தைச் சொல்லியிருக்கணும்" என்று அழுதான். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தான்.

நான் யாரையும் சுலபத்தில் விடுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் இந்த நாலு மாதமும் உட்கார்ந்து ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். நெட்டை சின்னப் பையன், பயந்துவிட்டான். அவனை விட்டுவிட்டேன். நீ தாய். நானும் அப்படித்தான் விரல் நீட்டியிருப்பேன். உன்னை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வா, வாசலில் நிற்காமல். கோட்டுக்காரர் வாங்குகிற சம்பளத்துக்குப் பேசினார். ஆபீஸில் லைனைத் திறந்தவன் யாரென்றே தெரியாது. போகட்டும்.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல், கூடம் நிறைய ஆட்களுக்கு முன்னால், தன் மூச்சை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார் பார், அவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். உன் அத்தானை.

அக்கா