ஜிம்மியின் முன்னங்கால் பொருந்திவிட்டது, மச்சான்

என் ஆசை மச்சான் தியாகுவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஜிம்மி ஓடுகிறான். நேற்றுக் காலையில் உன் வயலின் மேற்கு மூலையில் இருந்து குளக்கட்டு வரைக்கும் ஒரே ஓட்டம். நாலு காலும் நிலத்தில் பட்ட ஓட்டம். இனி மிச்சக் கதையை ஆறுதலாகச் சொல்லலாம். ஆறுதலாகச் சொன்னால்தான் எனக்கும் குற்றத்தை ஒத்துக்கொள்ள வாய் வரும்.

உன் நாயின் காலை முறித்தது நான்தான்.

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. விதைப்புக்கு முன் வயலை உழவேண்டும், லாண்ட்மாஸ்டர் உழவு மெசினை நீங்களே எடுத்து ஓடுங்கோ என்று உன் மனிசி, என் தங்கச்சி பவளம் சொல்லிவிட்டாள். மெசினுக்குப் பின்னால் பூட்டின பெட்டியில் ஜிம்மி ஏறி உன்னோடு வயலுக்குப் போவது ஊருக்கே தெரியும். ஆனால் அவன் வீட்டு முற்றத்தில் ஏறுவதில்லை, பின்னால் ஓடிவந்து மதகடியில்தான் பாய்ந்து ஏறுவான் என்பது எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் நீ அவனுக்காக வேகத்தைக் குறைத்துக் கொடுப்பாயாம். எனக்கு யார் சொன்னது? மதகடியில் ஏற்றம் என்று நான் வேகத்தைக் கூட்டினேன். அவன் வழக்கம்போலப் பாய்ந்தான். பெட்டி அந்த இடத்தில் இல்லை.

சத்தம் கேட்டுத் திரும்பினால், முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கத்தவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. நீ இருக்கிற இருக்கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையை நான் என்ன செய்ய, மச்சான்?

என் இடது முழங்கை உனக்குத் தெரியும்தானே. பத்து வயதில் பாலைமரத்தில் பழம் பிடுங்க ஏறி விழுந்தது. அந்தப் பழத்தின் ருசிக்கு இன்னொரு தரமும் விழலாம், அது வேறு கதை. என்னைப் பெற்ற ஐயா மட்டை வைத்துக் கட்டிவிட்டார். மூன்றாம் நாள் நான் அதை அவிழ்த்துப்போட்டுவிட்டுக் குளத்துக்கு நீந்தப் போய்விட்டேன். கை கோணலாகப் பொருந்தியது. உன் கல்யாணத்தில் தோழனாக நின்று உனக்குக் கால் கழுவியபோது, செம்பைச் சரிக்கத் தெரியாமல் உன் பட்டு வேட்டியை முழங்கால் வரைக்கும் நனைத்தேனே, அந்தக் கைதான். என்னால் விழுந்த நாய் என்னைப்போலக் கோணலாகப் போகக்கூடாது என்பதுதான் அன்றைக்கு எனக்குள் இருந்த ஒரே பயம்.

சாக்கில் கிடத்தி, ஓட்டோ பிடித்து வவுனியாவுக்குக் கொண்டுபோனோம். மிருக வைத்தியர் ஒரு இளம் பெண்பிள்ளை. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் மயிர் போல ஒரு வெடிப்பு, எலும்பு விலகவில்லை என்று சொன்னா. மட்டை வைத்து வடிவாகக் கட்டியும் விட்டா.

"ஐயா, ஆறு கிழமைக்கு, ஒண்டரை மாதத்துக்கு, இவர் ஓடக்கூடாது, பாயக்கூடாது. கட்டு நனையக்கூடாது. இவரைச் சும்மா இருக்க வைக்கிறதுதான் மருந்து."

"சும்மா இருக்கிறதுக்கு ஊசி ஏதும் இருக்கோ, டொக்டர்?" என்று பவளம் கேட்டாள்.

நீ போன பிறகு அவள் வாயில் இருந்து வந்த முதல் பகிடி அதுதான். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அவள் திரும்பவும் வாயை மூடிவிடுவாளோ என்று பயம்.

சும்மா இருக்கிறவனா உன் நாய்? மாமரத்தில் கட்டினோம், கயிற்றைக் கடித்தான். கோழிக்கூட்டில் விட்டோம். கோழிகள் எல்லாம் வெளியே வரிசையாக நின்று வேடிக்கை பார்க்க, அவன் கூட்டையே புரட்டினான். அறைக்குள் பூட்டினால் கட்டுப் போட்ட காலாலேயே கதவைப் பிறாண்டுகிறான். ஒவ்வொரு பிறாண்டலும் என் முழங்கையில் கேட்டது.

அடுத்த வளவு முத்தையா அண்ணன் பார்க்க வந்தார். மலைநாட்டில் இருந்து வந்து குடியேறினவர் என்று நீ அவரோடு கூடுதல் வாரப்பாடு, பாசம். மனிசருக்கு முறிந்தால் முட்டை வெள்ளையும் உளுத்தம் மாவும் குழைத்துப் பத்துப் போடுவோம்தானே? அதை ஒரு சட்டி நிறையக் குழைத்துக்கொண்டு வந்திருந்தார். "இது போடாம எலும்பு எப்பிடிண்ணே ஒட்டும்?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. டொக்டர் கட்டின கட்டுக்கு மேலேயே இரண்டு பேரும் பூசினோம். கை கழுவிவிட்டு வருவதற்குள் ஜிம்மி மருந்தையும் தின்று, கட்டுத் துணியில் பாதியையும் தின்றுவிட்டான்.

திரும்ப வவுனியா. டொக்டர் காலைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

"எந்தக் கோழி முட்டை, ஐயா?"

"ஊர்க்கோழி."

"நல்ல சாப்பாடு. ஆனால் காலுக்கு ஒண்டும் பூசாதேங்கோ."

புதுக் கட்டுப் போட்டு, கடிக்காமல் இருக்கக் கழுத்துக்கு ஏதும் மாட்டச் சொன்னா. அடி வெட்டின பெயின்ற் வாளிதான் அகப்பட்டது. அதை மாட்டிக்கொண்டு அவன் முற்றத்தில் நின்ற கோலத்தை நீ பார்த்திருக்கவேண்டும். தூண், கதிரை, என் கால் எல்லாவற்றிலும் அடித்துக்கொண்டு திரிந்தான். சிரிப்புத்தான், ஆனால் சும்மா இருக்காமல் திரிகிறான். நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தேன்.

அப்போதுதான் குசினி வாசலில் நின்ற பவளம் சொன்னாள்.

"அண்ணை, அவனைப் பெட்டியிலை விடுங்கோ. அவர் பின்பலகையைத் திறக்குமட்டும் அவன் இறங்கமாட்டான். ஒருநாள் அவர் மறந்துபோய்ச் சாப்பிட வந்திட்டார். மழை. அவன் நனைஞ்சுகொண்டு அப்பிடியே இருந்தவன்."

உன்னைப் பற்றி அவள் தானாக வாய் திறந்து சொன்ன முதல் கதையும் அதுதான், மச்சான்.

வைக்கோல் பரப்பி, சாக்கு விரித்து, மேலே நிழலுக்குக் கிடுகு கட்டி, அவனைத் தூக்கி உள்ளே வைத்துப் பின்பலகையைப் பூட்டினோம். ஒருதரம் சுற்றிப் பார்த்தான். பெரிய மூச்சு ஒன்று விட்டான். படுத்துவிட்டான். அவ்வளவுதான். எல்லாம் சரி என்று பெட்டியைக் கழற்றிவிட்டு மெசினை மட்டும் உழவுக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். உடனே எழும்பிக் காலைப் பலகையில் வைக்கிறான். திரும்பப் பூட்டினேன், படுத்துவிட்டான். முன்னுக்கு மெசின் நின்றால்தானே வயலுக்குப் போகலாம்? அவன் கணக்குச் சரிதான்.

ஆகவே விதைப்புக் காலத்தில், ஊரெல்லாம் உழுகிற சத்தத்துக்குள், உன் லாண்ட்மாஸ்டர் ஆறு கிழமை முற்றத்தில் நின்றது. நான் சைக்கிளில் திரிந்தேன். முத்தையா அண்ணன் தன் வயலை முடித்துக்கொண்டு தன் மெசினை எனக்குத் தந்தார். ஊரில் கடைசியாக விதைத்தது நாங்கள்தான். விதைத்ததில் மயில் தின்றதும் கொஞ்சம் இல்லை, கலைக்கிற ஆள் பெட்டியில் அல்லவா படுத்திருந்தார்?

"என்னண்ணே, வண்டிய நாய்க்கு எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்று முத்தையா அண்ணன் கேட்டார்.

"ஓம், முதலாளி அவர்தான். நான் றைவர்" என்றேன்.

ஒரு நாளைக்கு மூன்று தரம் தூக்கி இறக்கி, வேலிக்கரையில் ஒன்றுக்கு விட்டு, திரும்பத் தூக்கி ஏற்றினேன். முதல் கிழமை என்னைப் பார்த்து உறுமினான். உறுமட்டும், அது நியாயம். மூன்றாம் கிழமை உறுமவில்லை. ஐந்தாம் கிழமை, தூக்கும்போது தலையை என் தோளில் போட்டான், வாளியோடு. வாளி விளிம்பு பட்டு என் காது அறுந்ததுபோல நொந்தது. ஆனாலும் அசையாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

ஆறு கிழமை முடிய டொக்டர் திரும்பவும் படம் எடுத்துப் பார்த்தா. "வடிவாய்ப் பொருந்தியிருக்கு" என்று சொல்லி, உடனே ஓட விடாமல் கயிற்றில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வைக்கச் சொன்னா. எங்கள் ஊரில் நாயைக் கயிற்றில் பிடித்து நடந்தவன் எவன்? குளக்கட்டில் குளிக்க வந்த சனம் எல்லாம், கொழும்புத் துரை போறார் என்று சிரித்தது. சிரிக்கட்டும் என்று இரண்டு கிழமை நடந்தேன். முதலில் மதகு வரைக்கும், பிறகு கோயில் வரைக்கும், பிறகு வயல் வரைக்கும்.

நேற்றுக் காலையில் பவளமும் வந்தாள். நீ போன பிறகு அவள் வயலுக்கு வந்தது நேற்றுத்தான். பயிர் ஒரு சாண் நிற்கிறது. அதற்குள் ஏழெட்டு மயில். ஜிம்மி அப்படியே நின்றான். கயிறு விறைத்தது. பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தான், மச்சான். இருக்கையை இல்லை, என்னை.

எனக்குக் கை வரவில்லை. விட்டு, நொண்டினால்?

"விடுங்கோ அண்ணை" என்றாள் பவளம்.

விட்டேன். வரம்பு வழியே போனான் பார், சேறு பறக்க! ஒரு காலும் இழுபடவில்லை. மயில்கள் கிளம்பிக் குளக்கட்டுக்கு மேலால் போயின. அவன் குளக்கட்டில் ஏறி நின்று குரைத்த குரைப்பில் முத்தையா அண்ணன் தன் வயலில் நின்று தோளில் கிடந்த துவாயைச் சுழற்றினார். பவளம் வரம்பில் நின்று, "ஓடடா, ஓடடா" என்று கத்துகிறாள். தொண்டை அடைக்கும் வரைக்கும் கத்தினாள். பிறகு வரம்பிலேயே குந்தியிருந்து அழுதாள். பிறகு சிரித்தாள். அந்தச் சத்தம் உனக்குக் கேட்டதோ?

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அவனுக்கும் வயது போகும். பாய ஏலாத நாள் ஒன்று வரும். அன்றைக்கு நான் இருந்தால், மதகடியில் மெசினை நிறுத்தி, இறங்கி வந்து, இந்த இரண்டு கையாலும் அவனைத் தூக்கி உன் பெட்டியில் இருத்திவிட்டுத்தான் வயலுக்கு வெளிக்கிடுவேன்.

உனக்குக் கால் கழுவிவிட்ட தோழன்,
பவளத்தின் அண்ணன்,
உன் மூத்த மச்சான்.