வலப்பக்கப் பெட்டி பாடாததைப் பற்றி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம், நீ விட்டுப்போன ரெக்கார்டு பிளேயர் மட்டும் பாதி நலம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு முழு நலமாக இருக்க வேண்டும்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வலப்பக்க ஸ்பீக்கர் பாடவில்லை என்றேன் அல்லவா, இரண்டு பெட்டிகளையும் இறக்கித் துடைத்துவிட்டு ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு ரேடியோ கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒயரைச் செருகியதும் அது கணீரென்று பாடியது. நல்லா இருக்கறவன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துட்டு, நோயாளிய வீட்லயே விட்டுட்டீங்களே சார் என்றார் அவர். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். திரும்பி வரும்போது மாடி வீட்டுக்காரர் வேறு, என்ன, வீடு காலி பண்றீங்களா என்று கேட்டார். பெட்டி என்ன கனம் என்கிறாய், இன்னும் தோள் வலிக்கிறது.

அப்புறம்தான் நீ போனில் சொன்ன வழிக்கு வந்தேன். சொன்னபடியே பெட்டிகளுக்குப் பின்னால் ஒயரை இடம் வலம் மாற்றினேன், ஊமைத்தனம் இடப்பக்கப் பெட்டிக்குப் போய்விட்டது. ஆக இரண்டு பெட்டியும் யோக்கியம். பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் ஒயரை மாற்றினேன், அப்போதும் அது இடம் மாறியது. ஆம்ப்ளிஃபயரும் யோக்கியம், கோளாறு பிளேயரிலேயேதான். இதைக் கண்டுபிடிக்க உனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும், எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் சோதித்துப் பார்க்க அம்மாவுக்குப் பிடித்த அந்தப் பழைய ரெக்கார்டைத்தான் போட்டேன். பழைய பதிவு இல்லையா, வாத்தியமெல்லாம் ஒரு பக்கம், பாடுகிறவள் மறு பக்கம். நமக்குக் கிடைத்தது வாத்தியம் மட்டும். கல்யாணத்துக்கு எல்லாரும் வந்து பெண் மட்டும் வராத மாதிரி இருந்தது.

இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருப்பாள். போன தடவை நீ மெதுவாகக் கேட்டாய், அம்மாவுக்கு என் மேல கோவமாப்பா, ம்னு மட்டும் சொல்லிட்டு போனை உங்ககிட்ட குடுத்துடறாங்களே என்று. அவள் காதில் விழுமே என்று நான் வெயிலைப் பற்றி ஏதோ உளறிவைத்தேன். கோபமெல்லாம் இல்லைம்மா. தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து குரல் கரகரவென்று ஆகிவிட்டது. நீ கேட்டால் பயந்துவிடுவாய் என்று அவளுக்குப் பயம். நிறையப் பேசுங்க, பாடக்கூடப் பாடுங்க, பழகப் பழகத்தான் குரல் வரும் என்று டாக்டர் சொன்னார். அவரிடம் தலையை ஆட்டிவிட்டு வந்தவள், வீட்டில் எனக்கும் சைகையிலேயே சமையல் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். உப்பு வேண்டுமா என்பதற்கு ஒரு சைகை, நீங்கள் ஒரு தண்டம் என்பதற்கு ஒரு சைகை. இரண்டாவது எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஒரு சாயங்காலம் வாத்தியம் போய்க்கொண்டிருந்தது, பாடுகிறவள் ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் குரல் கேட்டது. பெட்டி பிழைத்துக்கொண்டது என்று ஓடிப்போய் அதில் காதை வைத்தேன். பெட்டியில் உறுமல்தான் இருந்தது. குரல் அடுப்பங்கரையிலிருந்து வந்தது. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு அடியில் அம்மா பாடிக்கொண்டிருந்தாள். மேலே போகிற இடத்தில் உடைந்தது, விட்டுவிட்டு அடுத்த அடியில் பிடித்துக்கொண்டாள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் பாடினாள். அதற்கு மறுநாளும் பாடினாள்.

கோளாறும் கிடைத்துவிட்டது. முள் இருக்கிற தலைப்பகுதியில் மயிரிழை போல நாலு ஒயர் இருக்கிறதே, அதில் சிவப்பு கழன்றிருந்தது. தூசி தட்டுகிறேன் என்று துணியை வைத்து இழுத்த மகானுபாவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மா புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்து மெல்லச் செருகினேன். இரண்டு பெட்டியும் பாடின, அந்தப் பாடகியின் குரல் கூடம் முழுக்க நிறைந்தது. அடுப்பங்கரையில் குழாய் நின்றது. பாட்டு முடியும்வரை காத்திருந்தேன், ஒரு சத்தமும் இல்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்று, சரியாயிடுச்சா என்று கேட்டாள். மகளே, நாளெல்லாம் சைகை காட்டுகிறவள் வாய் திறந்து கேட்கிறாள், ஆனால் வாடிய அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு நிமிஷம் வந்துச்சு, மறுபடி போயிடும் போல இருக்கு என்றேன். அவள் உள்ளே போனதும் சிவப்பு ஒயரைக் கழற்றிவிட்டேன். மறுநாள் முதல் பாட்டுக்கு அடுப்பங்கரையிலிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டாவது பாட்டுக்குக் குழாய் திறந்தது.

ஆகவே நீ போனில் பேசும்போது, அப்பாவுக்கு இதுகூட ரிப்பேர் பண்ணத் தெரியலையா என்று நாலு வார்த்தை திட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன். அம்மா ம் என்றால் அவசரப்பட்டுப் போனை வைத்துவிடாதே, கொஞ்சம் பொறு, அந்த ம் இப்போது நீளமாகிக்கொண்டு வருகிறது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும்.

பெட்டி சுமந்த தோளோடு,
உன் அப்பா

கடைசியாக ஒன்று. அடுப்பங்கரையில் அவள் பாடுவது கூடத்தில் எனக்குக் கேட்கிறது என்பதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.