யாரையும் பிடித்துக் கொடுக்க மாட்டேன்

திருத்தணி

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

முதலில் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. பென்சன் பாவாவுக்குக்கூட வேண்டாம், உன் வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் நைனாவிடம் எதையும் மறைக்கத் தெரியாது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், நீங்கள் இருவரும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க அம்மா தினமும் ஜெபம் பண்ணுகிறாள். அவள் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நைனாவுக்குத்தான் தொண்டை கட்டிவிட்டது, கிருத்திகைக்கு ஆந்திராவிலிருந்து வந்த கூட்டத்தையெல்லாம் கத்திக் கத்தி ஆட்டோவில் ஏற்றினார். என் போனை அவர் பிடுங்கி வைத்திருக்கிறார், அதனால்தான் எல்லோரும் தூங்கியபிறகு பேப்பரில் எழுதுகிறேன். விடியற்காலையில் என் வகுப்பு யுவஸ்ரீ பால் வாங்கப் போகும்போது ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடுவேன், அவள் தன் அத்தையின் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

நம் ஸ்கூல் மரக்கட்டை உனக்கு நினைவிருக்கும், அதேதான் இன்னும் இருக்கிறது, கயிறு மட்டும் புதுசு. தமிழ் பேசினாலும் சரி, தப்புத் தப்பாக இங்கிலீஷ் பேசினாலும் சரி, கழுத்தில் மாட்டுவார்கள், தப்பாகப் பேசுகிற இன்னொருத்தியைப் பிடித்துக் கொடுத்தால்தான் கழற்றலாம். செவ்வாய்க்கிழமை அது என் கழுத்தில் இருந்தது. நான் டிபன் பாக்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். பள்ளிப்பட்டிலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிற யுவஸ்ரீ, ஐ ஆம் ஹேவிங் கர்ட் ரைஸ் ஒன்லி, யூ டேக் யா என்று தன் டப்பாவை நீட்டினாள். பின்னால் சுலோச்சனா மிஸ் நின்றிருந்தார். ம், கழற்றி அவளுக்கு மாட்டு என்றார். அவள் எனக்குச் சோறு கொடுக்கிறாள் அக்கா, நான் எப்படி மாட்டுவேன். மாட்ட மாட்டேன் மிஸ், அவள் சொன்னது எனக்குப் புரிந்தது, உங்களுக்கும் புரிந்ததே என்றேன். இப்படிப் பேசினால் ஃபாரினில் சிரிப்பார்கள் என்றார். உடனே நீ போனில் சொன்னதெல்லாம் எனக்கு வாயில் வந்துவிட்டது. எங்கள் அக்கா லீட்ஸில் நர்ஸ் மிஸ், அங்கே பிறந்து வளர்ந்தவர்களே வீ வாஸ் என்கிறார்கள், ஐ வேர் என்கிறார்கள், ஊசி போட வருகிறவளையே லவ் என்று கூப்பிடுகிறார்கள், அவர்கள் கழுத்தில் யாரும் கட்டை மாட்டவில்லை என்றேன். வகுப்பே கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் வினையாகப் போனது.

கரஸ்பாண்டெண்ட் கோதண்டபாணி சார் இன்றைக்கு நைனாவை வரச் சொன்னார். நாளைக் காலை பிரேயரில் நான் கட்டையோடு மேடையேறி, மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டு, எல்லோருக்கும் முன்னால் அதை யுவஸ்ரீ கழுத்தில் மாட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் டிசி. ஸ்டேஷன் வாசலில் சார் கம் கம், ஹில் டாப் டிராப்பிங், நோ டென்ஷன் என்று வாய் ஓயாத நைனா, அங்கே எஸ் சார், சாரி சார் தவிர ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்துதான் கத்தினார். நடு வருசத்துல எவன்டி உன்னச் சேத்துக்குவான், உங்கக்கா போட்டோ மாட்டிக்கீற எடத்துல என் மானத்த வாங்கினு வந்துக்கீறியே என்றார். அம்மா, ஒரு சாரி சொன்னா வாய் இன்னா தேஞ்சா பூடும், சொல்ட்டு வாடி என்றாள். சாரி சொல்லிவிடுவேன் அக்கா, எதிர்த்துப் பேசியதற்கு நூறு தடவைகூடச் சொல்வேன். யுவஸ்ரீ கழுத்தில் மட்டும் மாட்ட மாட்டேன்.

காலையில் நைனா உனக்கு போன் போடுவார். நீ சொன்னால் சார் கேட்பார் என்று நம்புகிறார். எனக்காக யாரிடமும் கெஞ்சாதே. பேசித்தான் ஆகவேண்டும் என்றால், போன கிறிஸ்துமஸுக்கு என்னிடம் மட்டும் சொன்னாயே, அதைச் சொல். அங்கே போன புதிதில் தப்பாகப் பேசிவிடுவோமோ என்று பயந்து, படுக்கைவிரிப்பு அடுக்குகிற அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாய். பேச வாயெடுத்தால் கை தானாகக் கழுத்துக்குப் போகும் என்றாய். ஸ்கூல் ஆபீஸ் சுவரில் உன் படத்தை மாட்டியவர்கள் அதையும் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொன்று, இது வீட்டில் யாருக்கும் தெரியாது. நாளைக்கு மாட்டிக்கொண்டு வா என்று கட்டையை என்னிடமே கொடுத்து அனுப்பினார்கள். சாயங்காலம் அம்மா வெந்நீர் அடுப்பை மூட்டிவிட்டுக் கடைக்குப் போனபோது உள்ளே தள்ளிவிட்டேன். பழைய மரம், சட்டென்று பிடித்துக்கொண்டது. அந்தத் தண்ணீரில்தான் நைனா குளித்தார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு யார் கழுத்திலும் மாட்ட அது இல்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடு, வாயில் எப்படி வருகிறதோ அப்படியே பேசு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். படித்ததும் இதை அழித்துவிடு, மறந்துவிடாதே.

உன் தங்கை
தபிதாள்

அக்கா, கதவைத் தட்டுகிறார்கள். நைனாதான். தபீ, பைல அந்தக் கட்டையக் காணோமே, எங்கடி வெச்ச என்று கேட்கிறார். பொய் சொல்ல மாட்டேன். திறக்கப் போகிறேன்