தலைப்பொங்கல் அரிசி

சோழபுரம்
26.12.2024

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. போனில் பேசினால் உங்கள் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் கடிதம்.

நெல் அறுத்தாயிற்று. கிணறு வற்றிய வருஷத்தில், டவுன் சாக்கடையைச் சுத்தம் பண்ணி விடுகிற தண்ணீர்தான் காப்பாற்றியது. உன் தலைப்பொங்கலுக்கு நம் வயல் புத்தரிசி ஒரு மூட்டை கொண்டுவருகிறேன். பெண் வீட்டு அரிசியில்தானே முதல் பானை? மாமியாரிடம் சொல்லிவை.

டீக்கடையில் வேலுசாமி என்னைக் கண்டாலே, "ஏலே, பன்னீர் விவசாயி வாரான், வழி விடுங்கலே" என்கிறான். அதே சாக்கடை நேராகக் கண்மாயில் விழுந்த காலத்தில், அந்தப் பாய்ச்சலில் விளைந்ததை அவனும்தான் தின்றான். அப்போது போர்டு இல்லை. இப்போது சுத்தம் பண்ணிக் குழாயில் விட்டு, அதில் பாய்ச்சுகிற விவசாயிகள் பெயரெழுதிப் போர்டும் வைத்துவிட்டார்கள். அதில் முதல் பெயர் என்னுடையது, பால்ச்சாமி. பள்ளிக்கூட ரிசல்ட்டில்கூட வராத பெயராயிற்றே என்று பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
போட்டோவில் பல்லைக் காட்டிய அப்பா

ஸ்ரீவில்லிபுத்தூர்
31.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்த போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றி இங்கேயும் வந்துவிட்டது. "கக்கூஸ் தண்ணியில வெளஞ்சதையா நம்ம பொங்கப்பானையில போடணும்?" என்று அத்தை குதித்துவிட்டார்கள். சுத்தம் பண்ணின தண்ணீர்தான் என்றேன். "நீ குடிப்பியா?" என்றார்கள். உங்கள் மருமகன் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கடையில் ஒரு மூட்டை வாங்கி, தேவதானத்துப் பெரியப்பா வயல் அரிசி என்று சொல்லிக் கொண்டுவாருங்கள். சண்டையில்லாமல் போகட்டும்.

உங்கள் பானு

சோழபுரம்
4.1.2025

பானு,

ராஜபாளையம் அரிசிக்கடைக்குப் போனேன். "என்ன பால்ச்சாமி, விவசாயி நீரு, கடையில அரிசி வாங்குதீரு?" என்றார் கடைக்காரர். ரேட் விசாரிக்க வந்தேன் என்று திரும்பிவிட்டேன். பொய் எனக்குப் புதிதில்லை. உன் அம்மா வைக்கிற ரசத்தை இத்தனை வருஷமாகப் புகழ்கிறவன். ஆனாலும் உன் முதல் பொங்கலுக்கு என் வயலை இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.

அரிசி வேண்டாம். கரும்பும் மஞ்சள்கொத்தும் கொண்டுவருகிறேன். செத்த நேரம் உன்னைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். வரலாமா?

அப்பா

ஸ்ரீவில்லிபுத்தூர்
8.1.2025

அப்பா,

அரிசியில்லாமல் வந்தால் எல்லார் முன்னாலும் உங்களைக் கேட்பார்கள். நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வராதீர்கள்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். நம் அரிசியை அம்மா கையால் ஒருவேளை சாப்பிட வேண்டும். இங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம்.

பானு

சோழபுரம்
11.1.2025

அன்பு மகளுக்கு,

சரி, வரவில்லை. கரும்பை வாங்கிவிட்டேன், நானே கடித்துத் தீர்க்கிறேன், மிச்சப் பல் தாங்கினால்.

நீ வா. ஆனால் உன்னிடம் சொல்லாதது ஒன்று. உன் அம்மாவும் அந்த அரிசியைத் தொடுவதில்லை. "வெளைய வைங்க, வித்துக்கிடுங்க, என் அடுப்புல ஏறாது" என்றுவிட்டாள். அவளுக்கு ரேஷன் அரிசி. எனக்கு நானே கொல்லையில் மூன்று கல் கூட்டி வடித்துக்கொள்கிறேன். ஒருநாள் குழைகிறது, ஒருநாள் அரைவேக்காடு.

ஞாயிற்றுக்கிழமை உனக்கும் சேர்த்து உலை வைக்கிறேன். எப்படி இருந்தாலும் சாப்பிட்டுவிடு, தாயி.

அப்பா