கீழே வைக்காமல்

கீழ்ப்பிரிவு, ஸ்பிரிங்வெளி
2024.06.09

அன்புள்ள ஸவாஹிரா அக்காவுக்கு,

அன்னைக்கு பதுளையில மார்புப் படம் எடுத்த முகாம்ல, உள் பெஞ்சுகிட்ட இருந்தவங்க: நான், எனக்குப் பக்கத்துல நீங்க, உங்களுக்கு அந்தப் பக்கம் நமுனுகுலயிலேர்ந்து வந்த வேலாயி அக்கா, சுவரோரமா ஒரு சிங்கள டீச்சர், பேர் கூப்பிட்ட நர்ஸ் நோனா. வேற யாரும் இல்ல. சாமிகிட்ட ஒவ்வொருத்தருக்கா வேண்டிக்கும்போது ஆள் விட்டுப்போகக் கூடாதுன்னு வரிசையா நினைச்சு வச்சிருக்கேன். நான்தான் ஜீவராணி, அழுதவ.

இந்த வயசுல எல்லாரும் மார்புல கட்டி இருக்கான்னு ஒரு தரம் காட்டணும்னு மிட்வைப் மிஸ் சொல்லித்தான் வந்தேன். எனக்கு வலியும் இல்ல, கட்டியும் இல்ல. ஆனா நோனா, "கழுத்தில இருக்கிறது கழட்டுங்க அம்மா, படத்தில விழும்"னு சொன்னதும் கழுத்தக் கையால பொத்திக்கிட்டு அழுதுட்டேன். கல்யாணத்தன்னைக்கு ஏறின தாலி, ஒருநாளும் எறங்கினதில்ல. எங்க வீட்டுக்காரர் ஃபெக்டரியில மெஷினோட நிக்கிறவர். கழட்டின நேரம் பார்த்து அவருக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? அந்த பிளாஸ்டிக் கூடையில, மத்தவங்க வளையல் கடிகாரத்தோட அத எப்படிப் போடுறது?

அப்பத்தான் நீங்க கைய நீட்டினீங்க. "இங்க தாங்க. நீங்க வாற வரைக்கும் கீழ வைக்க மாட்டன்." வேலாயி அக்கா வேற, "போ புள்ள, நானே போறேன். காஞ்ச பீர்க்கங்காய் ரெண்டு தொங்குது, அதப் போயி படம் புடிக்கிறாங்களாம்"னு சொல்ல, அழுதுகிட்டே சிரிச்சுட்டேன்.

திரும்பி வந்தப்ப நீங்க மட்டும்தான் பெஞ்சில. தாலி உங்க மூடின கைக்குள்ளயே இருந்துச்சு. "உங்க முறை?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் முடிஞ்சி"ன்னீங்க. மத்த கைய அக்குளுக்குள்ள வச்சிருந்தீங்க. குளிருதாக்கும்னு நினைச்சேன்.

என் முடிவு இன்னும் வரல. சோறு எறங்க மாட்டேங்குது. தாலி எறங்கினது வீட்டுக்காரருக்குத் தெரியாது. போன்ல பேசலாம்னா, லயத்து வரிசை வீட்டுல ஒரு காம்பராவுல பேசினா அடுத்த காம்பராவுக்குக் கேக்கும். அதான் நீங்க குடுத்த உங்க துணிக்கடை விலாசத்துக்கு எழுதுறேன். உங்க முடிவு வந்துருச்சா?

நன்றி மறக்காத,
ஜீவராணி


பதுளை
2024.06.14

அன்பின் ஜீவராணிக்கு,

காயிதம் கெடச்சிச்சு. அக்காண்டு எழுத வாணாம், ராத்தாண்டு எழுதுங்க. எனக்குத் தங்கச்சிமார் இல்ல.

பயப்படாதீங்க. என்ட கையில தரக்குள்ள தாலியில ஒங்கட சூடு இரிந்திச்சு. அது ஆறிப்போக விடாம மூடிக்கிட்டுத்தான் இரிந்தன். எனக்குத் தெரிஞ்சத ஓதினன். நீங்களும் ஒங்கட சாமியக் கும்பிட்டிருப்பீங்க. ரெண்டு பக்கத்தாலயும் காவல், ஒங்கட மாப்பிளக்கி ஒண்டும் ஆகாது.

என்ட பக்கம் எல்லாம் சொகம். கடையில ஹஜ் பெருநாள் யாவாரம், கை ஓயல்ல. ஒங்கட முடிவு வந்த ஒடன எழுதுங்க. அது வரைக்கும் வயித்தக் காயப்போட வாணாம்.

ராத்தா,
ஸவாஹிரா


ஸ்பிரிங்வெளி
2024.07.02

அன்புள்ள ராத்தாவுக்கு,

முடிவு வந்துருச்சு. ஒண்ணும் இல்லையாம். மாரியம்மனுக்குத் தேங்காய் உடைச்சேன், உங்க பேருக்கும் ஒண்ணு.

ஆனா இப்ப வேற பயம் வந்து உக்காந்துருச்சு. ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்டுல வேலாயி அக்காவக் கண்டேன். கேட்டதும் கேக்காததுமா சொல்றாங்க: "அந்தக் கடைக்காரம்மா பேர மூணு தரம் கூப்புட்டாங்க புள்ள. எந்திரிக்கவே இல்ல. 'ஏங்கிட்ட குடுங்க, நான் வச்சிருக்கேன், நீங்க போங்க'ன்னேன். 'வாக்குக் குடுத்துட்டன்'னு கைய இன்னும் இறுக்கிக்கிட்டாங்க. அவங்க முறையிலதான் நான் உள்ள போனேன்."

கேட்டதுலேர்ந்து எனக்கு நிலைகொள்ளல. என் தாலியால உங்க முறை போயிருச்சே ராத்தா. முடிஞ்சின்னு ஏன் சொன்னீங்க? பெறகாவது போனீங்களா?

உங்கள்,
ஜீவராணி


பதுளை
2024.07.09

ஜீவராணி,

ஒங்களுக்கு நல்ல முடிவு வந்தது சந்தோசம், அல்ஹம்துலில்லாஹ்.

வேலாயி சொன்னது சரிதான். அது அமானிதம், நம்பித் தந்த பொருள். வாக்குக் குடுத்தா குடுத்ததுதான். ஒங்கட பிழை ஒண்டும் இல்ல.

பெறகு போகல்ல. போகவும் மாட்டன். என்ட மூத்த ராத்தாவும் படம் எடுக்கத்தான் போனா. அங்கேரிந்து கொழும்புக்கு. கொழும்பிலேரிந்து மையித்தாத்தான் வந்தா, அடக்கத்துக்கு. தெரியாம இரிந்த வரைக்கும் அவ சிரிச்சுப் பேசிட்டுத்தான் இரிந்தா.

இனி இதப் பத்தி எழுத வாணாம். கடைக்குக் காயிதம் வந்தா, யார் எழுதுறாண்டு என்ட மாப்பிள கேக்குறார்.

ஸவாஹிரா


ஸ்பிரிங்வெளி
2024.07.18

அன்புள்ள ராத்தாவுக்கு,

எழுத வேணாம்னீங்க. எழுதுறேன், கோவிச்சுக்கோங்க. இது தபால்ல வரல. வேலாயி அக்கா துணி வாங்குற மாதிரி வந்து உங்க கையிலயே தருவாங்க. விலை பேசியே கடைய ரெண்டாக்குவாங்க, பொறுத்துக்கோங்க.

நேத்து வீட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஏசுவார்னு நினைச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். "அன்னைக்கு எனக்கு என்ன ஆச்சு? நீ கட்டிக் குடுத்த சோத்துல உப்பு இல்ல, அவ்வளவுதான்"ன்னார். பெறகு, "அந்தம்மா படம் எடுத்தாங்களா?"ன்னு அவரே கேட்டார். அதான் இதோ எழுத உக்காந்துட்டேன்.

ராத்தா, தாலிய வேலாயி அக்காகிட்ட குடுத்துட்டு நீங்க போயிருக்கலாம். நான் வந்த பெறகாவது போயிருக்கலாம். பயந்துதான் போகல. அக்குளுக்குள்ள வச்சிருந்த கைய இப்பத்தான் யோசிச்சுப் பார்த்தேன். அங்க கையில ஏதோ தட்டுப்படுது, இல்லையா?

உங்க வீட்டுலயும் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் மாதிரி அவரும் ஏசாம இருக்கலாம்.

வர்ற வியாழன், 25ஆம் தேதி, திரும்ப முகாம் நடக்குது. மிட்வைப் மிஸ்கிட்ட சொல்லி உங்க பேரச் சேர்த்துட்டேன். உங்களக் கேக்காம செஞ்சது தப்புதான். முதல் பஸ்ல வந்து வாசல்ல நிப்பேன். உங்க தோடு, ஓதுற தஸ்பீஹ் மணி எல்லாத்தையும் என்கிட்ட தாங்க. கீழ வைக்க மாட்டேன். பேர் கூப்பிட்டு நீங்க எந்திரிக்கலேன்னா, மத்த கையால உங்களப் பிடிச்சு எழுப்புவேன்.

ஒண்ணும் இருக்காதுன்னு எழுத எனக்குத் தைரியம் இல்ல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. கொழும்புக்குப் போகச் சொன்னா நானும் கூட வர்றேன். வீட்டுல அதையும் சொல்லி வச்சிருக்கேன்.

வேலாயி அக்கா செவ்வாய்க்கிழமை திரும்ப கடைக்கு வருவாங்க. வர்றேன்னோ மாட்டேன்னோ ஒரு வரி எழுதி அவங்க கையில குடுங்க. சீக்கிரம் பதில் வேணும் ராத்தா.

உங்கள் தங்கச்சி,
ஜீவராணி