உப்புக் கிண்ணம்

ஸ்பெல்லோ, இத்தாலி, மதியம்

அன்புத் தங்கைக்கு,

முதல்முறையாகச் சாப்பிட வந்தவரின் பழக்கம் கடைக்காரிக்கு எப்படித் தெரியும்?

இந்த மலையூர்களில் ரொட்டிக்கு உப்புப் போடுவதில்லை. என் கணவரோ தெற்கத்திக்காரர், உப்புத் தொடாமல் இந்த ரொட்டி அவருக்கு இறங்காது. நேற்று மொன்டெஃபால்கோவில் அவர் உப்புக் கேட்டதற்கு, பரிமாறியவர், "ரொட்டிக்கு உப்பா? அப்போ ஒயினுக்குச் சர்க்கரை கொண்டாரட்டுமா?" என்று கிண்டல் செய்தார்.

இன்று நீ சொன்ன கடைக்குப் போனோம். உட்கார்ந்ததுமே கடைக்காரி எர்சிலியா ரொட்டியோடு உப்புக் கிண்ணத்தையும் அவர் முன்னால் வைத்தாள். யாரும் கேட்கவில்லை.

"இங்க முன்னாடி வந்திருக்கீங்களா?" என்றேன்.

"நானா? சூப்பு ஆறுது, சாப்பிடு," என்றார்.

இப்போது அறையில் தூங்குகிறார். நீயும் இந்த ஊருக்கு வந்ததேயில்லை என்றாய். கடையைப் பற்றி யாரோ சொன்னார்களாம். ஆட்டிறைச்சி நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள்: கடையில் மறந்துவிட்ட குடையை எடுக்கத் தனியாகப் போனேன்.

"நீங்க அவரு வீட்டுக்காரம்மாவோட அக்காதானே? அதே மூக்கு!" என்றாள் எர்சிலியா. "எப்பவும் ஜோடியாத்தானே வருவாங்க, இந்தத் தடவை ஏன் அவங்க வரல?"

உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

அக்கா